சாண்ட்விச் ஸ்ப்ரெட் செய்முறை போட்டீங்க சரி, எத்தனை நாள் தாங்கும்னும் சரியா போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, கடையில பாட்டில்ல விக்கிற அந்த வெள்ளை சாண்ட்விச் ஸ்ப்ரெட்ட வீட்டுலயே செய்றது எப்படின்னு போட்டிருந்தீங்க. பச்சை முட்டை, எண்ணெய், வினிகர், பொடியா நறுக்குன காய் எல்லாத்தையும் ஒண்ணா மிக்ஸியில அடிச்சு ஃப்ரிட்ஜுல வச்சா ஒரு மாசம் வச்சுக்கலாமாம், கெமிக்கல் இல்லாததால பிள்ளைங்க டிபன் பாக்ஸுக்கு பயமில்லாம குடுக்கலாமாம். பாத்ததும் எனக்கு பக்குன்னு ஆயிருச்சு சார், அதான் எழுதுறேன். வீட்டுல செய்ய வேணாம்னு சொல்ல வரல, நானே செய்றவதான், ருசியும் பாட்டில்ல வர்றதுக்கு கிட்டத்தட்ட வந்துரும். ஆனா வீட்டுல செஞ்சா தானா பாதுகாப்பாயிரும்ங்கிற அந்த ஒரு வரிதான் தப்பு.

முதல்ல பச்சை முட்டை விஷயம். 2025 ஏப்ரல் 8-ம் தேதி தமிழ்நாடு அரசு, இதே மாதிரி பச்சை முட்டையும் எண்ணெயும் அடிச்சு செய்ற மயோனைஸுக்கு ஒரு வருஷத் தடை போட்டது உங்க பேப்பர்லயும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2024 அக்டோபர்ல தெலங்கானாவுலயும் தடை போட்டாங்க. சால்மொனெல்லா மாதிரி கிருமிங்கதான் காரணம், அது முட்டை ஓட்டுல மட்டும் இருக்கறதில்ல, சில சமயம் உள்ளயே இருக்கும், அதனால நாமக்கல்ல இருந்து நேத்து வந்த முட்டைன்னாலும் நல்லா கழுவிட்டேன்னாலும் கணக்குல வராது. தடை கடைக்காரங்களுக்குத்தானே, வீட்டுக்கு இல்லையேன்னு கேக்கலாம். கிருமிக்கு கடை எது வீடு எதுன்னு தெரியுமா என்ன? ஊருக்குள்ள ஷவர்மா கடைக்காரங்களே முட்டை இல்லாததுக்கு மாறிட்டு இருக்கும்போது நம்ம வீட்டு மிக்ஸியில எதுக்கு அத அடிக்கணும்.

முட்டை இல்லாமலே நல்லா வரும், பால் போதும். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுல்ல, முட்டை மஞ்சக்கருவுல இருக்குற லெசித்தின் ரெண்டையும் பிடிச்சு வைக்கும், பால்ல இருக்குற புரோட்டீனும் அதே வேலையத்தான் பாக்குது. காய்ச்சி ஆறவச்சு ஃப்ரிட்ஜுல ஜில்லுன்னு ஆன கெட்டிப் பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, அதாவது ஒண்ணுக்கு ரெண்டு. எண்ணெய் ரீஃபைண்ட் சூரியகாந்தியா இருக்கட்டும். இங்க எல்லாருக்கும் செக்கு எண்ணெய் மோகம், நானும் குழம்புக்கு அதான் ஊத்துறேன், ஆனா இதுல செக்கு கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊத்துனீங்கன்னா ஸ்ப்ரெட் வாசம் வராது, இட்லிப் பொடி வாசம்தான் வரும். சின்ன சட்னி ஜார்ல பால ஊத்தி விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே எண்ணெய நூல் மாதிரி பைய ஊத்தணும், ஒரே மூச்சா ஓட்டுனா ஜார் சூடாகி பிரிஞ்சு போயிரும். கெட்டியானதும் ஒரு பெரிய ஸ்பூன் வினிகர், உப்பு, சர்க்கரை, மிளகுத்தூள் போட்டு ஒரு சுத்து, வினிகர் பட்டதும் இன்னும் இறுகும். பிரிஞ்சு போச்சுன்னா கீழ கொட்ட வேணாம், வேற ரெண்டு ஸ்பூன் ஜில் பால அடிச்சு அதுல பிரிஞ்சத கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா திரும்ப சேந்துக்கும்.

கடுகு மறந்துறாதீங்க, உங்க செய்முறையில அது இல்லவே இல்ல, அந்த பாட்டில் ருசியில பாதி கடுகுதான். நம்ம ஊரு சின்ன கடுகு காரம் ஜாஸ்தி, கால் ஸ்பூன் பொடி போதும், அதுவும் பச்சைத் தண்ணியில ஒரு பத்து நிமிசம் ஊறினாத்தான் அந்த மூக்குல ஏறுற காரம் வரும், சுடுதண்ணி ஊத்துனா வராது. எண்ணெயும் பாலும் பிரியாம இருக்கவும் கடுகு கொஞ்சம் ஒத்தாசை பண்ணும்.

அப்புறம் காய். எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். மாட்டுத்தாவணி மார்க்கெட்ல கொடைக்கானல் கேரட்டு, கோஸு, குடமிளகா, வெள்ளரி எல்லாம் ஒரே கடையில கிடைக்கும், வாங்கியாந்து பொடிப்பொடியா, நெசமாவே அரிசி அளவுக்கு நறுக்கணும், துருவக் கூடாது, துருவுனா நாரா கிடக்கும், கடிக்கும்போது அந்த நறுக்குன்னு இருக்குறது போயிரும். வெள்ளரிக்கு நடுவுல விதைய வழிச்சு எடுத்துருங்க. எல்லாத்தையும் உப்பு பிசறி அரை மணி நேரம் வச்சீங்கன்னா கிண்ணத்துல தண்ணி தேங்கி நிக்கும், ஒரு கைப்பிடி காய்ல இம்புட்டு தண்ணியான்னு இருக்கும். பழைய வேட்டித் துணியில கட்டி முறுக்கிப் பிழியணும், கை வலிக்கப் பிழியணும். அதோட விடக் கூடாது, பிழிஞ்ச காய வினிகர், சர்க்கரையில கொஞ்ச நேரம் ஊறவச்சு திரும்பவும் ஒரு தடவ பிழியணும். கடை ஸ்ப்ரெட்டுல கடிக்கும்போது தெரியுற இனிப்பும் புளிப்பும் கலந்த ருசி காய்க்குள்ளதான் இருக்கு, மேல இருக்குற வெள்ளைக்குள்ள இல்ல. இத செய்யாம காய அப்படியே கலந்தா ராத்திரியே தண்ணி விட்டு மோர்க்கொழம்பு பதத்துக்கு வந்துரும், அப்புறம் பிரெட்டு நனைஞ்சு தொப்புன்னு கையில விழும்.

பாட்டில் பின்னாடி சின்ன எழுத்துல இருக்குறத ஒரு தடவ படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. எது எடை அதிகமோ அத முதல்ல போடணும்ங்கிறது சட்டம். எங்க வீட்டுல இருந்த பாட்டில்ல முதல்ல எண்ணெய், அடுத்து தண்ணி, அப்புறம் சர்க்கரை, காயெல்லாம் அதுக்கும் பின்னாடிதான் வருது. அவ்வளவு தண்ணி இருந்தும் எப்படி கெட்டியா நிக்குதுன்னா ஸ்டார்ச்சும், 415-ன்னு நம்பர் போட்ட ஜாந்தன் கம்மும்தான். நம்ம வீட்டுல அதுக்கு கார்ன்ஃப்ளார்னு விக்கிற வெள்ளை சோளமாவு போதும், ஒரு ஸ்பூன் மாவ தண்ணியில கரைச்சு கூழ் மாதிரி காச்சி நல்லா ஆறினதும் கலந்துக்கிட்டா பாட்டில்ல இருக்குற அந்த வழவழப்பு வந்துரும், எண்ணெயும் குறையும். கூழ் சூடா இருக்கும்போது கலந்தா மொத்தமும் உருகிரும், பாத்து.

இப்ப விஷயத்துக்கு வரேன். அதே லேபிள்ல 211, 202-ன்னு நம்பர் இருக்கும், சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட். வாட்ஸப்புல இத விஷம் விஷம்னு அனுப்பிக்கிட்டே இருக்காங்க. அளவுக்குள்ள போட சட்டத்துல அனுமதி உண்டு, பூஞ்சையும் ஈஸ்டும் வராம தடுக்குறதே அதுதான், கூடவே கம்பெனிக்காரங்க புளிப்ப அளந்து வைக்கிறாங்க. நம்ம வீட்டுல செய்றதுல இந்த நம்பரும் கிடையாது, புளிப்ப அளக்குறதும் கிடையாது, பாலும் பச்சைக் காயும் வேற இருக்கு. அப்ப கெமிக்கல் இல்லாததாலயே ஒரு மாசம் இருக்கும்ங்கிறது எந்த ஊரு நியாயம் சார்? கெமிக்கல் இல்லாததாலதான் இருக்காது. ஃப்ரிட்ஜுல மூணு நாள், அதுக்கு மேல நான் வைக்க மாட்டேன், அதுவும் ஈரமில்லாத ஸ்பூன் போட்டு எடுக்கணும். கரண்டு போய் ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சுன்னா யோசிக்காம கீழ கொட்டிருங்க.

டிபன் பாக்ஸ் விஷயம் இன்னும் மோசம். காலையில ஏழரைக்கு கட்டுற டிபன பிள்ளை பன்னெண்டரைக்குத் திறக்குது, அஞ்சு மணி நேரம். சமைச்ச, இல்லன்னா சீக்கிரம் கெடுற சாப்பாட்ட வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதும்பாங்க, நம்ம மதுரை வெயில் சித்திரையில 40 டிகிரியத் தாண்டுது, கிளாஸ்ரூம் வாசல்ல வரிசையா பைய வச்சிருப்பாங்க அது எவ்வளவு சூடாகும்னு சொல்ல வேண்டியதில்ல. தேங்காச் சட்னி மதியத்துக்குள்ள ஊசிப் போகும்னு எந்தப் பாட்டியும் பள்ளிக்கூடத்துக்கு குடுத்து விட மாட்டாங்க, பால் ஸ்ப்ரெட்டும் அதே கணக்குதான். வெள்ளையா அழகா இருக்கு, வினிகர் வாசம் வேற, கெட்டது மூக்குக்கே தெரியாது, சட்னியாவது நாறிக் காட்டிக் குடுக்கும்.

அதனால எங்க வீட்டுல இது சாயங்காலத்துக்கு மட்டும்தான், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தோசைக்கல்லுல பிரெட்ட லேசா நெய் விட்டு வாட்டி, சூடு ஆறினதும் தடவிக் குடுத்தா ரெண்டே நிமிசத்துல காலி. டிபன் பாக்ஸுக்கு புளி போட்டு நல்லா வதக்கி அரைச்ச தேங்கா இல்லாத புதினாத் துவையல், கெட்டியா, தண்ணி சேக்காம. பிரெட்டுல தடவ அதுவே சூப்பரா இருக்கும், பிள்ளைங்களும் வேணாம்னு சொல்றதில்ல.

செய்முறை எழுதுனவங்க மேல எனக்கு கோவமெல்லாம் இல்ல, நல்ல ருசிக்கு ஆசைப்பட்டுத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா உங்க இணைப்ப வெட்டி ஃப்ரிட்ஜுல ஒட்டி வைக்கிறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க, அவங்க அந்த ஒரு மாசத்த அப்படியே நம்புவாங்க. அதனால வர்ற ஞாயித்துக்கிழமையே அதே பக்கத்துல, பச்சை முட்டை வேணாம், மூணு நாளுக்கு மேல வைக்க வேணாம், டிபன் பாக்ஸுல குடுத்து விட வேணாம்னு ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. சட்னி, ஊறுகா, மசாலாப் பொடின்னு இனிமே எந்தச் செய்முறை போட்டாலும், வெளியில எவ்வளவு நேரம், ஃப்ரிட்ஜுல எத்தனை நாள்னு அளவுக்குக் கீழயே ரெண்டு வரி சேத்துப் போட்டுருங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எல்லீஸ் நகர், மதுரை.