பார்க்கின்சன் நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு: மனதைப் பற்றியும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய நரம்பியல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோயோடு வாழும் அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகள் எழுதுகிறேன். போன வாரப் பரிசோதனையில் மருத்துவர் அவரை விரல் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். "நல்லா இருக்கார்" என்றார். மாத்திரை நேரம் நெருங்கும்போது அப்பாவுக்கு வரும் பயத்தைப் பற்றிச் சொன்னேன். "அது மனசு சம்பந்தப்பட்டது, வேற டாக்டரைப் பாருங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தப் பயத்தை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. மாத்திரை போட்டுத் தெளிவாக இருக்கும் நேரத்தில்தானே உங்களிடம் அழைத்து வருகிறோம். அவர் போடும் லெவோடோபா மாத்திரையின் வேகம் குறையும்போது அப்பாவுக்கு முதலில் வருவது நடுக்கம் இல்லை. கதவையே பார்க்க ஆரம்பிப்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு "போயிடாதே" என்பார். சட்டை வியர்வையில் நனைந்துவிடும். அப்புறம்தான் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் விறைப்போடு சேர்ந்து பயமும் விலகும். மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போகிற ஒன்றை எப்படி உங்கள் வேலை இல்லை என்கிறீர்கள்?

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. இந்த நோயில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்தால், மூளையின் ஆழத்தில் இருக்கும் சப்தாலமிக் உட்கரு என்ற சிறு பகுதியில் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா என்னும் மின் அலைகள் வலுக்கின்றன. டோபமினை ஈடுகட்டும் லெவோடோபா கொடுத்தால் அடங்குகின்றன. அந்த அலையை அளந்து, மூளைக்குக் கொடுக்கும் மின்தூண்டலைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளே வந்துவிட்டன. அதே சிறிய உட்கருவின் மேற்பகுதி அசைவைக் கவனிக்கும் பகுதிகளோடும், கீழ்ப்பகுதி உணர்ச்சியைக் கவனிக்கும் லிம்பிக் பகுதிகளோடும் பிணைந்திருக்கிறது. டோபமின் மருந்தின் பக்கவிளைவாக, சூதாட்டம் போன்ற அடக்க முடியாத உந்துதல்கள் வந்த நோயாளிகளுக்கு, அந்தக் கீழ்ப்பகுதியில் இன்னும் மெதுவான தீட்டா-ஆல்ஃபா அலைகள் பதிவாகியிருக்கின்றன. புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு டோபமின் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே!

கோபத்தோடு கோபமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டோபமினைப் போல வேலை செய்யும் பிரமிபெக்சோல் மாதிரியான மாத்திரைகளை எழுதும்போது, சூதாட்டமும் கட்டுமீறிய செலவும் வரலாம் என்று குடும்பத்தாரிடம் சொல்கிறீர்களா? 3,090 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும் இப்படி ஏதாவதொரு பிரச்சினை இருந்தது. எங்களிடம் சொன்னதெல்லாம், குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள் என்பது மட்டும்தான். சேமிப்பு கரைந்த பிறகு காரணம் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். விரல் தட்டச் சொன்ன பிறகு, மாத்திரையின் வேகம் தீரும் நேரத்தில் மனது எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். கூட வந்திருப்பவரிடமும் கேளுங்கள். பதிலை அசைவுக் குறிப்புக்குப் பக்கத்திலேயே, எத்தனை மணிக்கு என்பதோடு எழுதுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. அதற்கு முன் மாத்திரையின் அளவையும் இடைவெளியையும் ஒருமுறை பாருங்கள், அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அப்பா மாத்திரை போட்ட நேரத்தையும் பயம் வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அடுத்த முறை கொண்டு வருவேன். தயவுசெய்து வாங்கிப் படியுங்கள்.

பணிவுடன்,
ஒரு மகள்