வீட்டை விற்பது பற்றி, மகளுக்கு

எட்மன்டன்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்பா, அந்தப் பனிக்காட்டுக்குள்ள உங்களுக்கு என்னதான் இருக்கு? வீட்டை வித்துப்போட்டு இங்க வந்திடுங்கோ" என்றாய். ரொறன்ரோவில் கோயில் இருக்கிறது, தமிழ்க் கடை இருக்கிறது, பேரன் இருக்கிறான் என்று நீ அடுக்கியதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை; பேரன் என்ற ஒரு காரணமே போதும். ஆனால் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

வெளியே இப்போது பூச்சியத்துக்குக் கீழே 31 பாகை. காலை எட்டே முக்காலுக்குத்தான் விடிந்தது, நாலரைக்கு இருட்டிவிட்டது. இதை மறைத்துக்கொண்டு ஊரின் பெருமை பேச நான் வரவில்லை. ஆனி மாதத்தில் இதே வானத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறைகிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான் இங்கே வந்து இறங்கியது 1988 ஆவணியில். அந்தக் கிழமை ஊரே செத்தவீடு போல இருந்தது. என்ன நடந்தது என்று விசாரித்தால், வெய்ன் கிரெட்ஸ்கி என்ற ஐஸ் ஹொக்கி வீரரை லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்களாம். மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் இந்த ஊரின் ஒயிலர்ஸ் அணி நான்காவது தடவையாக ஸ்டான்லி கிண்ணத்தை வென்றிருந்தது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கண்ணைத் துடைத்தார். நான் விட்டுவந்த இலங்கை மண்ணில் அந்த நாட்களில் நடந்துகொண்டிருந்த போரை நினைத்தபோது, விளையாட்டுக்காக அழுகிற மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 1990 இல் கிரெட்ஸ்கி இல்லாமலே ஐந்தாவது தடவை வென்றபோது, தெருவில் நின்று கத்திய கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்தேன். அந்த இரண்டு வருடத்துக்குள் என்ன மாறியது என்று எனக்கே விளங்கவில்லை.

இந்த நகரத்தை எனக்குப் பிடிக்கச் செய்தது ஆறுதான். வடக்கு சஸ்காச்சுவான் ஆறு ஊரின் நடுவே ஆழமாக வெட்டிக்கொண்டு போகிறது. அதன் இரு கரைச் சரிவுகளையும், வந்து சேரும் ஓடைப் பள்ளங்களையும் கட்டடமாக்காமல் காடாகவும் பூங்காவாகவும் விட்டுவைத்திருக்கிறார்கள். 1907 இல் பிரெடெரிக் டொட் என்ற பூங்கா வடிவமைப்பாளர் அப்படி விடும்படி ஆலோசனை சொன்னார். சொன்னவுடனே யாரும் கேட்டுவிடவில்லை. 1915 இல் பெருவெள்ளம் வந்து கரையோர வீடுகளையும் மர ஆலைகளையும் அள்ளிக்கொண்டு போன பிறகுதான் அந்த ஆலோசனையின் அருமை தெரிந்தது. இன்று 160 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதைகள் இருக்கின்றன. ஓய்வு பெற்றதிலிருந்து நான் நாளும் ஒரு துண்டாக நடக்கிறேன். இன்னும் முழுவதும் முடியவில்லை. முழங்கால் நோவினால் அம்மா படிகளில் இறங்குவதை விட்டிருந்தாள். 2017 மார்கழியில் மக்டொனால்ட் ஹோட்டலுக்குப் பக்கத்தில், சரிவில் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்றை இலவசமாக ஓடவிட்டார்கள். அதிலிருந்து அவளும் கீழே வருகிறாள்.

நீ சின்னவளாக இருந்தபோது ஆற்றங்கரை மிருகக்காட்சிச்சாலையில் லூசி என்ற யானையைக் காட்டியது நினைவிருக்கிறதா? இலங்கையில் தாயை இழந்த குட்டியாக 1977 இல் இங்கே கொண்டுவரப்பட்டவள். என்னைவிடப் பதினொரு வருடம் முந்தி வந்தவள் என்று அவளுக்கு நான் மரியாதை கொடுப்பதுண்டு. அவளை வெப்பமான இடத்துக்கு, மற்ற யானைகள் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பல வருடங்களாக ஒரு சாரார் போராடினார்கள். மூச்சுக் கோளாறு இருப்பதால் பயணம் அவளுக்கு ஆபத்து என்று மற்றச் சாரார் மறுத்தார்கள். நீ இப்போது என்னைப் பற்றிச் சொல்வதும் ஏறத்தாழ அந்த முதல் கட்சியின் வாதம்தான்.

ஆடி மாதத்துக் கே-டேய்ஸ் பொருட்காட்சியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ராட்டினம், இனிப்பு, இரைச்சல். அதற்கு நெடுங்காலம் குளொண்டைக் டேய்ஸ் என்று பெயர் இருந்தது. தங்கம் கிடைத்த குளொண்டைக்கோ வடக்கே யூக்கொனில் இருக்கிறது. 1897 இல் எட்மன்டன் வழியே சுலபமாகப் போகலாம் என்று இங்கத்தைய வியாபாரிகள் விளம்பரம் செய்ய, அதை நம்பிப் புறப்பட்டவர்களில் பாதிப் பேர்கூடப் போய்ச் சேரவில்லை. அந்தப் பொய்க்கு ஊர் விழா எடுத்ததை நான் வேடிக்கையாகவே பார்த்து வந்திருக்கிறேன். 1981 இல் திறந்த வெஸ்ட் எட்மன்டன் மோலையும் உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. உள்ளேயே அலையடிக்கும் குளமும் சறுக்குத் திடலும் இருக்கும் அந்தக் கூரைக்குக் கீழே உன் பதின்ம வயதில் பாதி போயிற்று.

ஆவணிதான் இந்த ஊரின் மாதம். முதல் திங்கட்கிழமையை ஒட்டி மரபுரிமை விழா வரும். 1976 இல் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒரு கூடாரம் அடித்துச் சமைத்து, ஆடிக் காட்டுவார்கள். நானும் அம்மாவும் மதியச் சாப்பாட்டை நாலு நாட்டில் முடித்துவிட்டு வருவோம். அதே மாதத்தில் ஸ்ட்ரத்கோனாப் பக்கத்தில் 1982 முதல் பிரிஞ்ச் நாடக விழா நடக்கிறது. வட அமெரிக்காவில் இந்த வகை விழாக்களுக்கு இதுதான் மூத்தது. நல்ல நாடகம் எது என்று நடுவர்கள் தெரிவு செய்வதில்லை, குலுக்கல் முறையில்தான் குழுக்களுக்கு இடம் கிடைக்கிறது. ஆகவே நாம் பார்ப்பது அற்புதமாகவும் இருக்கலாம், சகிக்க முடியாததாகவும் இருக்கலாம். எனக்கு அந்த நிச்சயமின்மை பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்காது. அங்கே போவதற்கு நாங்கள் காரை எடுப்பதில்லை. 1913 இல் திறந்த ஹை லெவல் பாலத்தின் உச்சியில் கோடையில் பழைய ட்ராம் ஓடுகிறது; தொண்டர்கள் ஓட்டும் அந்த வண்டிகளில் ஒன்று ஒசாக்காவிலிருந்து வந்தது, இன்னொன்று மெல்பேர்னிலிருந்து. பாலத்தின் நடுவில் போகும்போது, ஆறு கீழே மிகத் தொலைவில் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது நாட்டார் இசை விழாவை. 1980 இல் தொடங்கி, மறு வருடமே கலகர் பூங்காவின் மலைச்சரிவுக்கு வந்துவிட்டது. மாரியில் பனிச்சறுக்கும் அதே சரிவில் நான்கு நாட்கள் ஆயிரக்கணக்கானோர் இருந்து பாட்டுக் கேட்பார்கள். முன்னால் மேடை, அதற்கு அப்பால் ஆறு, அதற்கும் அப்பால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். இடம் பிடிப்பதற்கு ஆளுக்கொரு தறப்பாள் கொண்டுபோக வேண்டும். வாயில் திறந்ததும் கக்கத்தில் தறப்பாளை இடுக்கிக்கொண்டு சரிவில் விழுந்தடித்து ஓடுவது இங்கே ஒரு பெயர்பெற்ற வேடிக்கை.

அம்மாவை முதன்முதலில் கூட்டிப்போனபோது அவள் அந்தத் தறப்பாளில் இருக்க மறுத்துவிட்டாள். 1995 ஐப்பசியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் ஒரு தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில் மழையோடு கிடந்தவள் அவள். அதை நான் யோசிக்காமல் நீல நிறத்தில் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். அன்று மாலை முழுவதும் புல்லில் தனியே நின்றாள். இருட்டியதும் சரிவு முழுவதும் ஒவ்வொருவராக மெழுகுதிரி ஏற்றத் தொடங்கினார்கள். இது அங்கே வழக்கம். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி தன் திரியிலிருந்து ஒன்றை ஏற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். காற்று அணைத்துவிடாமல் அதைப் பொத்திப் பிடிக்க வேண்டுமே என்றுதான் அவள் தறப்பாளில் வந்து இருந்தாள். நீ என் மடியில் நித்திரை. அதன் பிறகு நாங்கள் தவறவிட்டது, பெருந்தொற்றினால் விழா நடக்காத இரண்டு வருடங்களை மட்டுமே.

மாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. பனியில் எவரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. தை கடைசியில் மில் கிரீக் ஓடைப் பள்ளத்தில் பறக்கும் தோணி விழா நடக்கும். பேயின் உதவியால் தோணியில் பறந்து வீடு போன மரம்வெட்டிகளைப் பற்றிய பிரெஞ்சுக் கனடியக் கதையை வைத்து, காட்டுக்குள் இரவில் விளக்குகளும் பாட்டும் நெருப்பும் அமைப்பார்கள். மாசியில் ஊருக்குக் கிழக்கே பேர்க்கபெய்னர் பனிச்சறுக்கு ஓட்டம். நோர்வேயில் 1206 இல் குழந்தை இளவரசனைச் சுமந்து தப்பிய வீரர்களின் நினைவாக, 55 கிலோமீற்றரை ஐந்தரைக் கிலோ மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கடப்பார்கள். நான் ஓடவில்லை, நின்று பார்ப்பதற்கே நாலு சோடிக் காலுறை தேவைப்பட்டது. அந்தப் பக்கம்தான் எல்க் தீவுத் தேசியப் பூங்காவும் இருக்கிறது. 1907 இல் மொன்டானாவிலிருந்து வாங்கிக் கொண்டுவந்த காட்டெருமைகளின் வழிவந்தவை பனியைத் தலையால் தள்ளிப் புல் மேய்வதைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம். வானம் தெளிந்த இரவில் அதிர்ஷ்டம் இருந்தால் வடதுருவ ஒளியும் கிடைக்கும். சென்ற மாசியில் எங்களுக்குக் கிடைத்தது. பச்சைச் சேலையை யாரோ உதறுவது போல இருக்கிறது என்றாள் அம்மா.

பங்குனியையும் சித்திரையையும் நான் தற்காக்க மாட்டேன். பனி உருகி, ஐந்து மாதத்துக் குப்பையும் வீதியில் கொட்டிய சல்லியும் வெளியே வந்து, ஊர் மிகவும் அசிங்கமாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் உன்னிடம் வந்து நிற்கிறோம், அம்மாவுக்கும் சம்மதம். வீட்டை விற்கும் கதையை இந்த வருடம் எடுக்காதே. ஆவணியில் நீயும் மருமகனும் பேரனும் இங்கே வாருங்கள், விழாச் சீட்டை நான் வேளைக்கே வாங்கி வைக்கிறேன். பேரனுக்கு ஒரு தடித்த சட்டை மறக்காமல் கொண்டு வா, கோடையென்றாலும் இருட்டியதும் சரிவில் குளிரும். தறப்பாள் எங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா