மூன்று புள்ளி

அன்புள்ள சுபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாடித் தொட்டி ஒழுகலையும் ஒருவழியாக அடைத்துவிட்டார்கள். சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

போன மாதம் வீடியோவில் நீ முடியை ஒதுக்கும்போது சட்டைக் கை மேலே ஏறியது. தோளுக்குக் கீழே வரிசையாக மூன்று புள்ளி, ஊதுவத்தி நுனி பட்ட மாதிரி. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் "சிக்னல் சரியில்லைம்மா" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் போனே இல்லை. தினேஷைத் துருவித் துருவிக் கேட்டதில் கம்போ என்றான். தவளையின் கசிவு என்றான்.

பத்து நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரேசில், பெரு எல்லைக் காட்டில் மட்சேஸ், கட்டுகினா என்ற மக்களின் வழக்கம் அது. பச்சைத் தவளையை நாலு காலிலும் நூல் கட்டி விரித்து, தோலில் கசிவதைக் குச்சியில் வழித்துக் காயவைத்து, தவளையைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். வேட்டைக்குப் போகிறவனுக்குப் பிடித்த பீடை விலக, தோலைச் சுட்டு அந்த இடத்தில் தடவுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் காடு, அவர்கள் பழக்கம். மெல்போர்னில் பாய் விரித்து, மனபாரம் இறங்கும் என்று காசு வாங்குகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

நம் தெருவில் முதலில் விமானம் ஏறியவள் நீ. மைக்ரோபயாலஜி படித்தவள். உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்தக் கசிவில் இருக்கும் பெப்டைடுகள் என்ற புரதத் துணுக்குகள் ரத்தக்குழாயை விரிக்கின்றன, குடலை முறுக்குகின்றன. நெஞ்சு படபடக்கிறது, முகம் வீங்குகிறது. வாந்தியில் அழுக்கு வெளியே போகிறது என்கிறார்கள். உடம்பு விஷத்தோடு மல்லுக்கட்டுகிறது, அவ்வளவுதான். முன்னாலேயே லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்களாமே? அப்படிக் குடித்து, ரத்தத்தில் உப்பு இறங்கி, வலிப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2019இல் நியூ சவுத் வேல்ஸில் ஒரு பெண் செத்தே போனாள். 2021இல் ஆஸ்திரேலியாவே அதைத் தடை செய்துவிட்டது. பிரேசிலில்கூட அதை மருந்தென்று விளம்பரம் செய்ய 2004இலேயே தடை. வேண்டாம் சுபா. இன்னொரு தடவை போகாதே.

தூக்கம் வராமல்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஜூனுக்கு அப்புறம் நீ எங்களிடம் எதுவும் சொல்வதில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உன் இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறதே, தோசைக்கல் பட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேனே, அது பொய். உனக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்தது. அப்பத்தா பக்கத்து ஊரில் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் விரலி மஞ்சளை விளக்கில் காட்டி, முனை கனன்றதும் உன் கையில் வைத்தார். நீ திமிறாமல் பிடித்துக்கொண்டது நான்தான். தோல் கருகிய வாடையோடு மஞ்சள் வாடையும் வந்தது. நீ என்னைத்தான் "அம்மா, விடச் சொல்லு" என்று கத்தினாய். இரண்டு வாரத்தில் கண் வெளுத்தது. சூடு போட்டதால்தான் என்று ஊரெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது தானாக இறங்குகிற காமாலை என்று பின்னால் டாக்டர் சொன்னபோது, வீட்டுக்கு வந்து அழுதேன். உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் வாய் வரவில்லை. அப்போது நானும் பயந்துபோயிருந்தேன், சுபா. யார் எதைச் சொன்னாலும் கேட்டிருப்பேன்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. போகாதே என்று மட்டும் சொல்கிறேன். தூக்கத்துக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் புண்ணில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போனதும் நான் மொட்டைமாடியில் இருப்பேன். கூப்பிடு. கையை மறைக்க வேண்டாம்.

அம்மா