செல்வாவுக்கு, ரெப்போ மேனேஜர் பற்றி

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை, அதனால்தான் பதில் தாமதம். நல்லபடியாக முடிந்தது, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். உன் பையன் படத்தைக் காட்டினேன், அப்படியே உன் சாயல் என்றார்.

சரி, பில்டுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் நாம் உருவாக்கும் ஃபைல்களையும் ஒரே இடத்தில் வைக்கும் ரெப்போ மேனேஜராக நெக்ஸஸை எடுப்பதா ஆர்டிஃபாக்டரியையா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நல்லவைதான், பன்னிரண்டு பேர் கொண்ட டீமுக்கு எதுவும் போதும். நான் முதலில் பார்ப்பது வேறு. மூன்று வருடம் முன்பு வெளியிட்ட பதிப்பை இன்றைக்கு அதன் மூல நிரலிலிருந்து மறுபடி பில்ட் செய்ய முடியுமா? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முந்தைய வேலையில் ஒரு வாடிக்கையாளர் பழைய பதிப்பிலேயே ஒரு பிழையைத் திருத்திக் கேட்டார். நிரலைச் சேர்த்து வைக்கும் கிட்டில் அந்தப் பதிப்பைக் குறிக்கும் டேக் பத்திரமாக இருந்தது, ஆனால் பில்ட் ஓடவில்லை. ஒரு ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) வந்துகொண்டிருந்த பொதுத் தளம் இல்லாமலே போயிருந்தது, எங்கள் சொந்த லைப்ரரி ஒன்றின் ஸ்னாப்ஷாட்டை, அதாவது இன்னும் முடிவாகாத பதிப்பை, வைத்தே ரிலீஸ் போட்டிருந்தோம், அதைக் கிளீனப் வேலை எப்போதோ அழித்துவிட்டது. ஒன்பது நாள் தேடினோம். கடைசியில் அலமாரியில் கிடந்த ஒரு பழைய லேப்டாப்பின் டாட் எம்2 ஃபோல்டரில் (மேவன் என்ற ஜாவா பில்ட் கருவி இறக்கியதைச் சேமிக்கும் இடம்) இரண்டும் கிடைத்தன. அந்த லேப்டாப்பை அதற்கு முந்தைய மாதம் ஃபார்மட் செய்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

பொதுத் தளங்கள் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதே. ஜேசென்டர் என்ற பொது லைப்ரரித் தளத்தை எத்தனை ஆண்ட்ராய்டு டீம்கள் நம்பியிருந்தன! 2021 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, அந்த மே மாதம் அதைத் தாங்கிய பின்ட்ரே சேவை நின்றே போனது, ஜேசென்டர் இறக்கிக்கொள்ள மட்டும் என்று சுருங்கியது. அதனால் டெவலப்பர் மெஷினும் சிஐயும் (தானாக பில்ட் ஓட்டும் சர்வர்) வெளியே எதையும் நேராகத் தொடக்கூடாது, எல்லாம் உங்கள் ரெப்போ மேனேஜரின் ப்ராக்ஸி வழியாகத்தான் போகவேண்டும், அது ஒருமுறை இறக்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மேவனுக்கு செட்டிங்ஸ் ஃபைலில் அந்த ப்ராக்ஸியைக் காட்டும் மிரர் ஒன்று போட்டால் போதும். டாக்கர் இமேஜ்களின் பொதுத் தளமான டாக்கர் ஹப்பில் இத்தனைதான் இறக்கலாம் என்ற புல் வரம்பும் அத்தனை உறுத்தாது.

உன் டீமில் மேவன், என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கு), டாக்கர் மூன்றும் இருப்பதால் இலவசம் என்றால் நெக்ஸஸ் பக்கம்தான் சாய்வேன், ஒரே இடத்தில் மூன்றும் கிடைக்கும். ஆர்டிஃபாக்டரியின் இலவசப் பதிப்பு மேவன், கிரேடில் வகையறாவோடு நின்றுவிடும், டாக்கருக்குத் தனியாக இன்னொன்று நிறுவவேண்டும். ஆனால் 2025 முதல் நெக்ஸஸின் இலவசப் பதிப்பிலும் எத்தனை காம்பொனென்ட் (ஒரு பேக்கேஜின் ஒவ்வொரு பதிப்பும்) வைக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை ரிக்வெஸ்ட் வரலாம் என்று வரம்பு வந்துவிட்டது. என்பிஎம் ப்ராக்ஸி போட்டால் எண்ணிக்கை மளமளவென்று ஏறும், நிறுவும் முன்பே கணக்குப் போட்டுவிடு. பணம் கொடுக்க உங்கள் நிறுவனம் தயார் என்றால் ஆர்டிஃபாக்டரியைத் தயங்காமல் எடு, எந்த பில்டில் எந்த ஃபைல் போனது என்று அது சேர்த்து வைக்கும் விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம், உள்ளே எழுதிய பேக்கேஜ்களின் பெயர் விஷயம். 2021-இல் அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர், பெரிய நிறுவனங்கள் உள்ளே மட்டும் பயன்படுத்திய பெயர்களில் பொதுத் தளங்களில் பேக்கேஜ் ஏற்றி, 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளுக்குள் தன் நிரலை ஓடவைத்துக் காட்டினார். பொதுவையும் சொந்தத்தையும் ஒரே குரூப்பில் கலந்து வைத்து, எந்தப் பதிப்பு எண் பெரியதோ அதை எடுத்துக்கொள்ள விட்டால் இதுதான் நடக்கும். என்பிஎம்மில் எல்லாவற்றுக்கும் ஸ்கோப் (பெயருக்கு முன் வரும் உங்கள் நிறுவன அடைமொழி) வை, உங்கள் பெயர்கள் ப்ராக்ஸி வழியாக வெளியே தேடப்படாதபடி ரூட்டிங் ரூல் போடு. இதைத் தள்ளிப்போடாதே, முதல் நாளே செய்.

பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸையும் ஃபைல்களையும் ஒரே நேரத்தில் எடு. ஆர்டிஃபாக்டரி ஃபைல்களை அவற்றின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) பெயரில்தான் வைக்கிறது, டேட்டாபேஸ் போனால் எது எந்த ஜார் என்று தெரியாத குவியல்தான் மிஞ்சும். நெக்ஸஸில் இன்னொன்று, கிளீனப் பாலிசி ஓடினாலும் டிஸ்க் உடனே குறையாது, ஃபைல்கள் இருக்கும் பிளாப் ஸ்டோரை காம்பாக்ட் செய்யும் டாஸ்க்கையும் போடவேண்டும். ரிலீஸ் ரெப்போவில் எந்தக் கிளீனப்பும் வேண்டாம்டா, டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய். இரண்டையும் ஒரு வாரம் நிறுவி, பேக்கப் எடுத்து, சர்வரையே அழித்துவிட்டு வேறொரு மெஷினில் மீட்டெடு. அப்புறம் டாட் எம்2 ஃபோல்டரைக் காலி செய்து, வெளி இணையத்தைத் துண்டித்து, உங்கள் பில்டை ஓட்டு. எது எங்கே நின்றது என்று எனக்கு எழுது, சேர்ந்து பார்ப்போம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாஸ்கர்