கேள்வி கேட்காத பிள்ளைகளா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், ‘இக்கால மாணவர்களுக்குத் தேடிப் படிக்கும் ஆர்வம் அறவே இல்லை’ என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் அறிவியல் நடத்தியவன் நான். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பவானி ஆற்றில் பிரிந்து நொய்யலில் சேரும் வரை காலிங்கராயன் வாய்க்கால் எப்படி வளைந்து வளைந்து போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் கரையோரப் பள்ளியில் நான் இருந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “ஏனுங்க சார், பாம்பு போன தடத்துல வெட்டுனதுன்னு எங்க அம்முச்சி சொல்றாங்க, நெசமுங்களா?” என்றாள். எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. “நீயே பார்த்துச் சொல்லு கண்ணு” என்றேன்.

அவளுடைய அப்பா கொத்தனார். அவர் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நாலு பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வாய்க்கால் மேட்டில் அலைந்தார்கள். இரண்டு குச்சிகளை நட்டு, தண்ணீர் நிற்கும் உயரத்தைக் கரிக்கோட்டால் குறித்தார்கள். கரையோடு போனால் விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. வளைவில் திரும்பாமல் நேரே போனால் தரை முழங்கால் உயரம் ஏறியிருந்தது. மூன்றாவது வாரம் அவள் வந்து, “மேடேறித் தண்ணி போகாதுங்க சார், அதான் வாய்க்கால் திரும்பிருச்சு” என்றாள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியவர்கள் நிலத்தைப் படித்த விதம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தக் குச்சியில் ஒன்று இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பாடம் முடிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை.

2012இல் வருஷப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்து, செயல்திட்டம் போன்றவற்றைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்றபோது சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் தெர்மாகோல் மாதிரிகள் ரெடியாகத் தொங்கின. செயல்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் வந்துவிட்டன. பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மதிப்பெண் போடுகிற நாங்களே அதை வாங்கி அடுக்கினோமே.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பத்திரிகையையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பொதுத்தேர்வுக்கு முன்னும் ‘முக்கிய வினா விடை’ என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். விடையை வாயில் ஊட்டிவிட்டு, பிள்ளைக்கு மெல்லத் தெரியவில்லை என்பது நியாயமா? நாற்பது வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வாசகன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

பெரிதாக எதுவும் வேண்டாம். மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கேள்வியை விடையில்லாமல் போடுங்கள். மூன்று வாரம் கழித்து, பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவர்கள் எழுதியதையே வெளியிடுங்கள். ஒரு கால் பத்தி இடம் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்.