சாச்சா கடையும் பெரிய பள்ளிவாசல் நெலமும்

டேய் சேகரு,

எல்லாரும் சௌக்கியம். உன் மெசேஜுக்கெல்லாம் பதில் போடலன்னு திட்ட ஆரம்பிச்சிடாத, சாச்சா விஷயமாத்தான் அலைஞ்சிட்டு கிடந்தேன்.

சாச்சா கடைய காலி பண்ணிட்டாரு. ஆமா, அதே சொங்கோக் தொப்பிக் கடைதான், நீ தொப்பிய மாட்டிக்கிட்டு காசு குடுக்காம ஓடுன கடை. கட்டடத்துக்காரன் வித்துட்டான், வாங்குனவனுக்கு அங்க ஹோட்டல் வேணுமாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்த 1997ல ரத்து பண்ணாங்க, 2000 பொறந்ததும் நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன்ல குடும்பம் குடும்பமா கெளம்புனாங்களே, அதுலயே தப்பிச்ச மனுஷன் இப்ப மாட்டிக்கிட்டாரு. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்ததுலேர்ந்து கட்டடத்துக்குத்தான் மவுசு, உள்ள இருக்கவன யாரும் கண்டுக்கறதில்ல.

அப்பதான் எனக்கு வக்ஃபு நெலம், அதான் பள்ளிக்கும் தர்மத்துக்கும்னு எழுதி வச்ச நெலம், அது மேலயே புத்தி போச்சு. அத மட்டும்தான் எவனும் விக்க முடியாது, வாரிசுக்கும் எழுத முடியாது. பரங்கிப்பேட்டைலேர்ந்து கப்பலேறி வந்த காதர் முகைதீன், நம்ம கப்பித்தான் கெலிங் (இங்க இருந்த நம்மாளுங்களுக்கு தலைவரு), அவரு காலத்துல 1801ல கிழக்கிந்திய கம்பெனிக்காரன் இந்த பெரிய பள்ளிவாசலுக்குன்னு 18 ஏக்கர் குடுத்தான்டா, டவுனுக்கு நடுவுல! அப்புறம் வெள்ளக்காரன் 1905ல சட்டம் போட்டு உங்க கோயில் சொத்தையும் எங்க பள்ளி சொத்தையும் ஒரே போர்டுக்குள்ள தள்ளுனான் (அன்னிக்கே நாம பங்காளிதான்). பள்ளிய சுத்தி ஜனங்க குடியிருந்த கம்பத்த எடுத்தாங்க, நியூப்ரானர்னு ஒரு ஆர்க்கிடெக்ட வச்சு இப்ப டூரிஸ்ட் போட்டோ எடுக்கற கோபுரம் குவிமாடமெல்லாம் கட்டுனாங்க. அழகுதான், இல்லங்கல. ஆனா குடியிருந்தவன் போயிட்டான், நகரத்த புதுப்பிக்கிறேன்னா அப்பவும் இதே கததான்.

நீ உடனே சிங்கப்பூர் பென்கூலன் பள்ளிவாசல இழுப்ப, தெரியும். தமிழ்ல குத்பா (ஜும்ஆ பிரசங்கம்) ஓதற பள்ளி, பழச இடிச்சு 35 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு சுகூக், அதான் வட்டியில்லாத இஸ்லாமிய பத்திரம், போட்டு பள்ளி, கடை, 12 மாடி சர்வீஸ் அபார்ட்மென்ட்னு கட்டிட்டாங்க, வக்ஃபுக்கு வருமானம் கொட்டுது. கணக்கு சரிதான். எங்க மச்சானும் அதத்தான் கேக்குறான், சாச்சா மாதிரி ஆளுக்கு கம்மி வாடகைக்கு விட்டா பள்ளிக்கும் ஏழைங்களுக்கும் போக வேண்டிய காசுதானே கொறையுது, கூரை ஒழுகுனா எதுல பழுது பாப்பீங்கன்னு. பதில் சொல்ல முடியாம ரெண்டு நாள் தூங்கல.

ஆனா யோசிச்சுப் பாரு, சர்வீஸ் அபார்ட்மென்ட்ல தங்கறவன் சுபுஹு தொழுகைக்கு விடியக்காலைல வருவானா? சுத்தி குடியிருக்கவன் இல்லாம பள்ளி மட்டும் நின்னா பாங்கு சொல்ற முஅத்தின் யாரக் கூப்பிடுவாரு? ரோட்டு மேல இருக்க கடைக்கு முழு வாடகை வாங்கிக்கட்டும், காபி கடைக்காரன் கிட்ட நல்லாவே வாங்கட்டும், அந்தக் காச போட்டு மாடி வீட்டையும் சந்துக் கடையையும் ரிப்பேர் பண்ணி இந்த மாதிரி ஆளுங்களுக்கு விடலாம்ல? வக்ஃபு வச்சவங்க ஊருக்குத்தானே வச்சாங்க, பேங்க்ல போட்டு வட்டி எண்ணவா வச்சாங்க.

சாச்சாவ வக்ஃபு கடைக்கு மனு போடச் சொல்லியிருக்கேன். மனுஷன் "எனக்கு எதுக்கு சலுகை"ன்னு வீம்பு பண்றாரு, தையல் மெஷின் இப்ப எங்க வீட்டு ஹால்ல, சாச்சிக்கும் என் பொண்டாட்டிக்கும் அதுல ஒரு தனி சண்ட.

பென்கூலன் பக்கம் போனா அந்தக் கீழ்மாடிக் கடைக்கெல்லாம் எவ்ளோ வாடகை, பழைய ஆளு யாராச்சும் திரும்ப வந்தாங்களான்னு விசாரிச்சு எழுது, மச்சான் வாய அடைக்கணும். செல்விய கேட்டதா சொல்லு. பல்லன் சார் பைபாஸ் பண்ணிட்டு வந்தும் சிகரெட்ட விடல.

தொப்பி காச சாச்சா கணக்குல வச்சிருக்காரு.

உன்,
காசிம்