காக்கநாட்டுக்கு ஒரு கடிதம்

மார்த்தாண்டம்
ஆடி 10

மக்களே,

சக்கை வத்தல் ரெண்டு பாக்கெட் கூரியரில் போட்டிருக்கேன். ஒண்ணு உப்பு, ஒண்ணு காரம். இந்த வருசத்துக்கு இதுதான் கடைசி. குழித்துறையில் ஆடி அமாவாசை வாவுபலி பொருட்காட்சிக்கு பந்தல் போடுறாங்க, மழைதான் விட மாட்டேங்குது. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்கா எடுக்கிறாங்க. வேற விசேஷம் இல்லை.

தனியா வெப்சைட் வேலை எடுத்துச் செய்யப்போறேன்னு சித்திரையில் சொன்னே. அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. நானும் கேட்கலை. என் மொழிபெயர்ப்பு வேலையும் உன் வேலையும் ஒரு விஷயத்தில் ஒண்ணுதான்: ஆள் பழக்கம் இல்லாம வேலை வராது. அதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன். படிச்சு வை.

பத்து குழுவில் சேராதே. ரெண்டு போதும். ஒண்ணு உன் தொழில்காரங்க கூடுற இடம். வெப்சைட் கட்டுற வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கான உதவி மன்றம் மாதிரி. இன்னொண்ணு உனக்குக் காசு தரக்கூடியவங்க இருக்கிற இடம். டிசைனர்கள், சின்ன ஏஜென்சி நடத்துறவங்க. முக்காவாசிப் பேர் முதல் இடத்திலேயே உட்கார்ந்துடுவாங்க. அங்க மெச்சுவாங்க. வேலை கூடிப்போன ஒருத்தன் எப்பவாவது கைமாத்தியும் விடுவான். ஆனா மாசாமாசம் வர்ற வேலை டிசைனர் வழியாத்தான் வரும். படம் வரையத் தெரிஞ்ச ஆளுக்கு அதை ஓட வைக்க ஒருத்தன் வேணும்.

முதல் ரெண்டு வாரம் வாசி, எழுதாதே. எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது, யார் பொறுமையா பதில் சொல்றாங்கன்னு பாரு. வேலை அறிவிப்புக்குன்னு தனி இடம் இருக்கும். மத்த இடத்தில் விளம்பரம் போட்டா தூக்கிடுவாங்க. டெவலப்பர்கள் கூடிப் பேசுற ஹேக்கர் நியூஸ் தளத்தில் ஒவ்வொரு மாசமும் முதல் வேலை நாளில் ஃப்ரீலான்சர்களுக்குன்னு ஒரு இழை, அதாவது பேச்சுத் தொடர், திறப்பாங்க. ஊர், தொழில்நுட்பம், தொடர்பு முகவரி, நாலே வரி. திறந்த உடனே போட்டுடு, பிந்தினா பார்க்கிற ஆள் குறைஞ்சிடும். ப்ரோக்ராம் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மத்தவங்க பதிவில் கருத்து எழுதவே 50 புள்ளி வேணும். உன் பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்தா 10, கேட்டவர் ஏத்துக்கிட்டா 15. ஏஐ எழுதினதை அங்க ஒட்டிடாதே, 2022 டிசம்பரிலிருந்தே தடை.

எண்ணிக்கைக்காக எதையும் செய்யாதே. யாரும் திருத்தலாம்னு திறந்து வச்ச ப்ராஜெக்ட்டுகளுக்குத் திருத்தம் அனுப்புற அக்டோபர் விழா ஹேக்டோபர்ஃபெஸ்ட். 2020-இல் அதில் நடந்தது உனக்கே தெரியும். நாலு திருத்தம் அனுப்பினா டி-ஷர்ட்னு சொன்னதும், ஒரு வார்த்தை மாத்தி மாத்திப் பலர் அனுப்பினதில், ப்ராஜெக்ட் நடத்துறவங்க வாழ்க்கையையே வெறுத்தாங்க. விருப்பம் சொன்ன ப்ராஜெக்ட் மட்டும்தான்னு பாதியிலேயே விதியை மாத்தினாங்க. அப்படி அனுப்பினவனுக்கு எவன் வேலை தருவான்?

உன் அறிமுக வரியில் 'ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்'னு இருக்கு. அது லட்சம் பேர் போடுறது. கேரள எல்லைக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தமிழ், மலையாளம் ரெண்டும் எழுத வாசிக்கத் தெரிஞ்ச டெவலப்பர் எத்தனை பேர்? மலையாளத்தில் ன், ல் மாதிரி உயிர் சேராம நிற்கிற சில்லு எழுத்துக்கு, கம்ப்யூட்டரில் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கிற யுனிகோடின் 5.1 பதிப்பு 2008-இல் வந்தப்பதான் தனி எண் கிடைச்சுது. அதுக்கு முந்தி மெய், நம்ம புள்ளி மாதிரியான சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி மூணையும் சேர்த்து அடிச்சாங்க. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. பழைய பட்டியல் அப்படியும் புதுசு இப்படியும் கிடந்தா, கடை வெப்சைட்டில் 'மீன்'னு தேடினா பாதிதான் வரும். வேற வேற வடிவை ஒண்ணாக்குற யுனிகோடு நார்மலைசேஷன் போட்டாலும் இது சேராது; ரெண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர நீயே தனியா எழுதணும். தமிழில் 'ஸ்ரீ'க்கும் இதே வம்பு: ஸ போட்டு ஒண்ணு, 2005-இல் வந்த ஶ போட்டு ஒண்ணு. பாதிக் கடை பேரே ஸ்ரீயில்தான் தொடங்குது! இதைச் சரி பண்ணுவேன்னு அந்த ஒரு வரியில் எழுது. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங்னு ஒரு தன்னார்வக் குழு ஆட்கள் 2002-லிருந்து இதே வேலையில் இருக்காங்க, தமிழில் கணியம் அறக்கட்டளை இருக்கு. அங்க ஒரு பிழையைத் தீர்த்துக் கொடுத்தா, அந்தச் சுட்டி பயோடேட்டாவை விடப் பேசும். எட்டாம் வகுப்பிலேயே அப்பா கடைக்கு பில் போடுற ப்ரோக்ராம் எழுதினவன் நீ.

ஒருத்தருக்குத் தனியா எழுதும்போது வெறும் 'ஹாய்' போட்டுட்டுக் காத்திருக்காதே. மூணு வரி: எந்த இடத்தில் பழக்கம், எதைக் கவனிச்சே, உன்னால என்ன முடியும். பதில் வரலைன்னா ஏழு நாள் கழிச்சு ஒரு தடவை, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை. அப்புறம் விட்டுடு. பேர், இடம், தேதி, பேசினது எல்லாம் ஒரு ஷீட்டில் குறிச்சு வை. அப்பா பற்று நோட்டு மாதிரி.

வேலை தர்றேன்னு முன்பணம் கேட்டா ஓடிடு. கூடுதலா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பு என்றாலும் அதேதான். இப்ப இன்னொண்ணு: லிங்க்ட்இனில் வந்து, டெஸ்ட்னு, ப்ரோக்ராம் வச்சுப் பகிர்ற கிட்ஹப் தளத்துச் சுட்டி கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்றாங்க. ப்ரோக்ராமுக்கு வேண்டிய துணைத் துண்டுகளை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் அடிச்ச உடனே உள்ளே இருக்கிற ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டெல்லாம் அள்ளிடும். முதலில் பேக்கேஜ் ஃபைலைத் திறந்து பாரு, ஓட்டியே ஆகணும்னா கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியா பிரிச்சு வச்ச விர்ச்சுவல் மெஷினில் ஓட்டு. அப்வொர்க்னு ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம் இருக்கே, அதில் கிடைச்ச ஆள்கிட்ட ரெண்டு வருசம் வரை தளத்துக்கு வெளியே பணம் வாங்காதே, கணக்கைப் பூட்டிடுவாங்க.

வேலை தேடுறேன்னு காட்டுற லிங்க்ட்இன் 'ஓப்பன் டு வொர்க்'கில் ரெண்டு வழி இருக்கு. ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டலாம், இல்லை எல்லாருக்கும். எல்லாருக்கும்னு வச்சா படத்தைச் சுத்திப் பச்சை வளையம் வரும். சம்பள வேலை தேடுறவனுக்கு அது சரி. தனியா செய்றவன் சேவைப் பக்கம்தான் திறக்கணும்.

பதினொரு நாளா உன் படத்தில் அந்த வளையத்தைப் பார்க்கேன் மக்களே. வாட்ஸப்பில் நீல டிக் விழுது, பதில் இல்லை. திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனா 'யார் வாசலிலும் போய் நிற்காதே, வாய்விட்டு எதுவும் கேட்காதே'ன்னு சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்தான். தக்கலை விஷயத்துக்கப்புறம் அது இன்னும் கூடிப்போச்சு. உன்னைக் காப்பாத்துறேன்னு நினைச்சேன். கேட்கத் தெரியாத பிள்ளையாக்கி வச்சிருக்கேன். மேலே எழுதினதெல்லாம் கேட்கிறதுக்குத்தான் வழி, அதை உனக்கு நான் அப்பவே சொல்லித் தந்திருக்கணும்.

வடசேரி அண்ணன் இப்ப திருவனந்தபுரத்தில் டிசைன் ஏஜென்சி வச்சிருக்கான். அவனுக்கு அந்த மூணு வரியை எழுது. நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்லலை. மாமி கேட்டா, பிஸின்னு சொல்லியிருக்கேன்.

வத்தல் வந்ததும் டப்பாவில் போடு, மழைக்கு நமுத்துடும். ராத்திரி ஒண்ணு விளி, பத்து மணிக்கு மேலே ஆனாலும் முழிச்சிருப்பேன்.

வாடகைத் தேதி அஞ்சா, பத்தா? சும்மா கேட்டேன்.

அம்மா